மூன்றாவது முறையும் நின்றுபோன பம்ப்

“பம்ப் போச்சு” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் வருகிறது, என்ன செய்ய! போன வாரம் எங்கள் பழைய சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். புது மாடல் டிஷ்வாஷர். தண்ணீர் வெளியேறாவிட்டால் அதுவே வீட்டுக்காரரின் போனுக்கு ‘வடிகால் பம்ப்பில் கோளாறு’ என்று தகவல் அனுப்பிவிடுகிறதாம். கீழே, “இனிமே நமக்கு மூளையே தேவையில்ல அண்ணே, மெஷினே எல்லாத்தயும் சொல்லிடுது” என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஏறியது பாருங்கள்! பம்ப் ஓடவில்லை என்று சொல்ல மெஷின் எதற்கு? கதவைத் திறந்ததும் தண்ணீர் தேங்கி நிற்பது எல்லோருக்கும்தான் தெரிகிறது. ஏன் ஓடவில்லை என்று அது சொல்லட்டும், அன்றைக்கு நான் அதற்கு மாலை போடுகிறேன். இதையேதான் குழுவில் போட்டேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். “அப்போ அந்தத் திண்டிவனம் கேஸை எழுதுங்க அண்ணே. எழுதறேன் எழுதறேன்னு ஏமாத்திக்கினே இருக்கீங்க” என்றார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் கோலியனூர்க்காரன். தொழிற்பயிற்சி முடித்துவிட்டு விழுப்புரத்தில் மிக்சி, கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். அப்புறம் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, பாதி ஆயுளை வாஷிங் மெஷின்களோடு கழித்தேன். அந்தக் கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோதுதான் டிஷ்வாஷர் வந்தது. ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனதும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஜனங்கள் அதை வாங்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள், “இந்த வயசுல இன்னொரு பேஜாரா” என்று நழுவினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். முதல் மெஷினைப் பிரித்துப் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை! ஒரு பம்ப் தண்ணீரை மேலே பீய்ச்சுகிறது, இன்னொரு சின்ன பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அந்தச் சின்னது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அது நின்றால் அத்தனை பெரிய பெட்டியும் சும்மா.

எங்கள் சர்வீஸ் சென்டரின் பொறுப்பாளர் செல்வராணி மேடம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் அவர் முன்னால் நான் வாலைச் சுருட்டிக்கொண்டுதான் நிற்பேன். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். மேசை மேல் ஒரு டப்பாவில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். அதை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கிச் சாப்பிட்டபடியே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். யாராவது “பம்ப் போச்சு மேடம், புதுசு மாத்திடலாம்” என்றால் போதும்.

“போச்சுன்னா? எங்க போச்சு? உளுந்தூர்பேட்டைக்கா?”

அவ்வளவுதான். சொன்னவர் மறுபடியும் மெஷினுக்குள் கையை விடுவார். பம்ப்பின் விசிறியை விரலால் தொட்டுச் சுற்றிப் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. டிஷ்வாஷர் புகார் என்று யார் போன் செய்தாலும் மாடல் நம்பரைக் கேட்கும் முன்பே, “நேத்து உங்க வீட்டுல என்ன சமையல்?” என்று கேட்பார். போன் செய்தவர்கள் திகைத்துப் போவார்கள். ஒரு டாக்டரம்மா, “நீங்க ஓட்டலா, சர்வீஸ் சென்டரா?” என்று கேட்டே விட்டார்.

ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது பொன்! விழுப்புரத்தில் ஒரு வீட்டில் புளிக்குழம்பு என்றார்கள். நான் கதவைத் திறக்கும் முன்பே, “புளியங்கொட்டை உள்ள இருக்குதுங்க” என்றேன். இருந்தது! வீட்டுக்காரர் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முகையூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கேப்பைக் களி கிண்டிய குண்டானை அப்படியே, ஒட்டியிருந்த களியோடு, உள்ளே கவிழ்த்து வைத்திருந்தார்கள். களி காய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வடிகட்டியைக் கழற்ற நான் பட்ட பாடு! “வழிச்சுப் போட்டுட்டு வெக்கணும்மா” என்றால், அந்த வீட்டம்மா, “அப்புறம் எதுக்கு அம்மாம் பெரிய மெஷினு? அதுதான கழுவணும்?” என்று என்னையே மடக்கினார். முருங்கைக்காய் நார், மீன் முள், மல்லாட்டைத் தோல் எல்லாம் பார்த்தாயிற்று. சமையல் தெரிந்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்த காலத்தில்தான் திண்டிவனத்து வீடு வந்தது.

ஒருநாள் காலை பதினொரு மணி வாக்கில் மேடம் கூப்பிட்டார். மல்லாட்டை டப்பா மூடியிருந்தது. அப்போதே விஷயம் பெரிசு என்று எனக்குப் பட்டது.

“அண்ணே, திண்டிவனத்துல ஒரு நயினார் வீடு. பம்ப் ரெண்டு தடவ நின்னுது, ரெண்டு தடவையும் நம்மாளுங்க புதுசு மாத்திட்டு வந்துட்டாங்க. இப்ப மூணாவது தடவ நின்னிருக்குது. பெரியவரு மெஷினையே திரும்ப எடுத்துக்கினு போங்கன்னுட்டாரு. மேலயும் சரின்னுட்டாங்க, நாளைக்கு வண்டி போவுது. இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்குது. நீங்க போய்ப் பாருங்க.”

“பெரியவருகிட்ட பேசிப் பாக்கட்டுமா மேடம்?”

“பேச்சு வேணாம். பம்ப்பப் பாருங்க.”

எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது! புது பம்ப் இரண்டு வரிசையாக நிற்கிறது என்றால் கோளாறு பம்ப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பைக்கை எடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை புளியங்கொட்டையா, எலுமிச்சை விதையா என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் நிலம் வைத்திருக்கும் சமணக் குடும்பம். பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். நேராக நிமிர்ந்து நடப்பார். எல்லோரும் நயினார் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி இல்லை. மகன் வெளியூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். மருமகள் பெயர் சுகந்தி. சமையலறையில் குழாய்த் தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் தங்களால் சாகக் கூடாது என்பதற்காக. சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள், விளக்கு வெளிச்சத்தில் சின்ன பூச்சி தெரியாமல் சோற்றோடு போய்விடும் என்று.

சுகந்தி என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனதும் மெஷினைக் காட்டவில்லை. தன் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் பழைய வெடிப்புகள் ஆறிய கோடுகள் இருந்தன.

“அண்ணா, எனக்குப் பாத்திர சோப்பு ஆவறதில்ல. கை பாளம் பாளமா வெடிச்சு ரத்தம் வரும். கிளவுஸ் போட்டா வேர்த்து இன்னும் மோசமாவுது. நான் ஆரி எம்ப்ராய்டரி செய்யறவ, கல்யாண பிளவுஸ்ல. விரல் சொரசொரன்னு இருந்தா பட்டுத் துணி இழுத்துக்கும். ஒரு நூலு இழுத்தா மொத்தத் துணியும் போச்சு. ரெண்டு வருஷம் ஊசியத் தொடல. இந்த மெஷின் வந்தப்புறம்தான் விரல் ஆறிச்சு, திரும்ப ஆரம்பிச்சேன்.”

“வேலைக்கு ஆள் வெச்சுக்கக் கூடாதாம்மா?”

“வந்தவங்க யாரும் நிக்கல அண்ணா. வடிகட்டு, பாத்து ஊத்துன்னு எங்க வீட்டுல ஆயிரம் இருக்குது, அவங்களுக்குப் பொறுமை இல்ல. மாமா நானே கழுவுறேன்னு உக்காந்தாரு. அவரை உக்கார வெச்சுட்டு நான் ஊசி எடுக்க முடியுமா?” குரலைத் தாழ்த்தினார். “இப்ப ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்குது. பொண்ணுக்கும் கூட இருக்கறவங்களுக்கும் சேர்த்து. நான் இதுவரைக்கும் செஞ்சதுலயே பெரிசு. மெஷின் போய்ட்டா ஒத்துக்க முடியாது. சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அதுவரை எனக்கு அது பம்ப். அந்த நிமிஷத்திலிருந்து அது அந்தப் பெண்ணின் விரல். “இரும்மா, பாத்துடலாம்” என்று பையைத் திறந்தேன்.

நயினார் வந்து வாசற்படியில் நின்றார். கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

“தம்பி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நேத்து சாயங்காலத்துத் தட்டெல்லாம் வெச்சு, காத்தால சுகந்தி மெஷினப் போட்டுது. போட்ட உடனே நின்னுபோச்சு. தண்ணி தேங்கினா உசுரு உண்டாவும். விழுற உசுரும் சாவும். அதப் பாத்துக்கினு நான் சாப்புட முடியாது. மருமக கஷ்டமும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு தடவ பொறுத்தேன். இன்னிக்கும் நின்னா எடுத்துக்கினு போய்டுங்க.”

நான் மேடத்தின் கேள்வியைக் கேட்டேன். “நேத்து என்ன சமையலும்மா?”

“நேத்து நோன்பு அண்ணா. அரிசிக் கஞ்சி, பாசிப்பயறு. அவ்வளவுதான்.”

“புளி?”

“இல்ல.”

“முருங்கை, கீரைத் தண்டு, எலுமிச்சை?”

“ஒண்ணும் இல்லண்ணா.”

போச்சு! கஞ்சி எங்கேயாவது பம்ப்பை நிறுத்துமா? முன் இரண்டு தடவையும் என்ன சமையல் என்று கேட்டேன். அதிலும் கொட்டை இல்லை, நார் இல்லை. அந்த வீட்டில் தட்டை வழித்துத் துடைத்துத்தான் மெஷினில் வைப்பார்கள், ஒரு பருக்கை உள்ளே போகாது. மந்திரவாதிக்கு வித்தை பலிக்கவில்லை.

சரி, முறைப்படி போவோம் என்று ஆரம்பித்தேன். நம் ஆட்கள் பலர் அவசரத்தில் விட்டுவிடுவதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். அடுத்து தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். கீழ்த் தட்டு வரிசையை வெளியே எடுத்துவிட்டுத் தேங்கிய தண்ணீரை மொண்டு எடுக்க வேண்டும். அப்புறம்தான் நடுவில் இருக்கிற வடிகட்டியைத் திருகிக் கழற்ற வேண்டும். தண்ணீரை எடுக்காமல் வடிகட்டியைத் தூக்கினால், அதில் தங்கிய குப்பையெல்லாம் நேராகப் பம்ப்புக்குள் போய் உட்காரும். ஒரு கோளாறு இரண்டாகும்.

நான் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு சிங்க்கில் ஊற்றப் போனேன்.

“தம்பி! தம்பி! அங்க ஊத்தாதீங்க!”

நயினார் ஓடி வந்தார். சோப்பு விழும் முன்பே நின்றுவிட்ட தண்ணீர் அது, வெறும் அலசல் தண்ணீர். அதில் என்னென்ன உயிர் இருக்கிறதோ, சாக்கடையில் கொட்டக் கூடாது, துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைத் தோட்டத்து ஈர மண்ணில் பதமாக அலசிவிட வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். நேரம் ஓடுகிறது, இதில் இது வேறா! ஆனால் அவர் வீடு, அவர் தர்மம். சுகந்தி வாளியின் மேல் துணியைக் கட்டினார். நான் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். எல்லாம் முடிந்ததும் துணியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வெளிச்சத்துக்குப் போனோம்.

துணியை விரித்ததும் நான் நின்றுவிட்டேன்.

இரண்டு கடுகு. ஒரு கறிவேப்பிலைத் துண்டு. அப்புறம், பூனை முடி போல மெல்லிசாக வெள்ளை நூல் சிம்புகள், அங்கங்கே ஒட்டிக்கொண்டு! அந்தத் துணியிலிருந்தே உதிர்ந்திருக்குமோ என்று ஓரத்தைப் பார்த்தேன். நாலு ஓரமும் மடித்துத் தையல் போட்டிருந்தது. தையற்காரி வீட்டுத் துணி ஆயிற்றே, அதிலிருந்து ஒரு நூல் உதிராது. அப்படியானால் இந்த நூல் மெஷினுக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

விட்டேனா! உள்ளே ஓடினேன். வடிகட்டியைக் கழற்றி, குழிக்குள் கையை விட்டு, மூடியை நெம்பி எடுத்து, விசிறியை விரலால் தொட்டேன். நல்ல பம்ப் என்றால் விசிறி தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. வழுவழுவென்று சுற்றினால் காந்தம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். இதுவோ அசையவே இல்லை. ஆனால் கண்ணுக்கு அடைப்பு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வந்தவர்களும் இந்த இடத்தில்தான் “பம்ப் போச்சு” என்று சொல்லியிருக்க வேண்டும்.

மெஷினை வெளியே இழுத்து, மீதித் தண்ணீரையும் துணியில் ஒற்றி எடுத்து, பக்கவாட்டில் சாய்த்தேன். நயினாரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அடித்தகட்டைக் கழற்றி, பம்ப்பைக் கால் சுற்று திருகியதும் கையோடு வந்தது. விசிறியை இழுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தது! விசிறிக்கும் தண்டுக்கும் நடுவில் நூல் சுற்றிச் சுற்றி, இறுகி, ஒரு வெள்ளை மோதிரம் போல உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், “கண்டுபுடிச்சிட்டேன்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது.

“நூலா? அய்யோ, என் தையல் நூலா அண்ணா?”

நான் அதை யோசிக்கவே இல்லையே! புடவையில் ஒட்டிய நூல் தட்டில் விழுந்து மெஷினுக்குள் போயிருக்கலாம். அப்படியானால் இந்தப் பெண்ணின் தொழிலைக் காப்பாற்றுகிற மெஷினை அந்தத் தொழிலேதான் நிறுத்துகிறது. பெரியவர் ஒரே வார்த்தையில் இரண்டையும் மூட்டை கட்டச் சொல்லிவிடலாம். அவர் என் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுகந்தி அந்த நூல் மோதிரத்தை வாங்கி ஜன்னலோரம் போனார். ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். என்னைவிட அந்த விரலுக்கு நூலைப் பற்றி அதிகம் தெரியும்.

“இது என் நூல் இல்ல அண்ணா. என்னுது பட்டு நூலு, ஜரிகை. முறுக்கு ஏத்தினது. இது வெறும் பருத்தி. தறித் துணியிலருந்து பிரிஞ்ச நூலு.” இன்னும் ஒரு இழையை உருவினார். அது பச்சையாக இருந்தது. “இங்க பாருங்க, பச்ச. கரை நூலு. வேட்டிக் கரை...”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். மாமனாரின் இடுப்பைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்துவிட்டேன். நயினார் கட்டியிருந்தது பச்சைக் கரை வேட்டி.

பெரியவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டுத் துணி இருந்தது. பழைய வேட்டியைக் கையால் கிழித்தது. நாலு பக்கமும் நூல் தொங்கியது, ஒரு பக்கம் பச்சைக் கரை.

“இது நான் போட்டதுதான்” என்றார். “ராத்திரி அந்தத் தட்டுக்கு எறும்பு வருது. அடியில குழியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்குது, பாத்தேன். எறும்பு அதுல விழுந்துடுமேன்னு படுக்கப் போறதுக்கு முன்னாடி இந்தத் துணிய வடிகட்டி மேல விரிச்சு, ஓரத்த உள்ள சொருவி விட்டுடுவேன். விடியக் காத்தால எடுத்துத் தோட்டத்துல உதறிடுவேன். உசுருங்க போய்க்கும். அதுக்கப்புறம்தான சுகந்தி மெஷினப் போடுது. அதனால சொல்லணும்னு தோணல.”

எறும்பைக் காப்பாற்றத் தினமும் ஓரத்தைச் சொருகினார். தினமும் நாலு இழை உள்ளே தங்கியது. அது பம்ப்பை நிறுத்தியது. பம்ப் நின்றதால் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீரில் உயிர் சாகிறதே என்று அவரே மெஷினைத் துரத்தினார்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை. “உன் விரலுக்கு நான்தாம்மா எமனா இருந்திருக்கேன்” என்று மருமகளிடம் சொன்னார். சுகந்தி, “விடுங்க மாமா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பம்ப்பைச் சுத்தம் செய்து மாட்டினேன். மெஷினை நிமிர்த்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வடிகாலை மட்டும் ஓட விட்டேன். கடகடவென்று என்ன சத்தம்! எந்தக் கச்சேரியும் எனக்கு அப்படி இனித்ததில்லை. “முடிஞ்சிதுங்கய்யா. இனிமே துணி மட்டும் போடாதீங்க” என்று பையை மூடினேன்.

“துணி போடலன்னா எறும்பு விழுமே தம்பி?”

மூடிய பையைத் திறந்து வைத்தேன். அவர் வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் வழி கேட்டார்.

“காரணம் தெரிஞ்சிபோச்சு, சரி. துணி போட்டா பம்ப் நிக்குது, போடாட்டி எறும்பு சாவுது. இது ரெண்டுத்துக்கும் நடுவுல எனக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா மெஷின் போய்த்தான் ஆவணும்.”

வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் மல்லாட்டைத் தோல் உடைகிற சத்தம் கேட்டது. உயிர் வந்தது எனக்கு, மேடம் யோசிக்கிறார்!

“ஐயா, வணக்கம். நான் செல்வராணி பேசறேன். நீங்க சாயங்காலம் எப்ப சாப்புடுவீங்க?”

“பொழுது சாயறதுக்கு முன்னாடிம்மா. வெளிச்சம் இருக்கும்போதே.”

“மெஷின் எப்பப் போடறீங்க?”

சுகந்தி குனிந்து சொன்னார். “காலையில மேடம். சாயங்காலத் தட்டு கொஞ்சந்தான் இருக்கும். காலைத் தட்டும் சேரட்டும், தண்ணி மிச்சமாவுமேன்னு.”

“அதுதாங்கம்மா தப்பு. ராத்திரி பூரா எச்சித் தட்ட உள்ள வெச்சிக்கினு எறும்ப விருந்துக்குக் கூப்புடறீங்க. அதுல பாதி அளவுக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்குது, தண்ணியும் கம்மியாத்தான் புடிக்கும். சாப்பிட்ட உடனே வெளிச்சத்துலயே போட்டுடுங்க. கழுவின தட்டுக்கு எறும்பு எதுக்கு வருது?”

நான் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நாள் முழுக்க என்ன சாப்பிட்டார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்கவே இல்லை! நயினார் ஜன்னல் வழியே பொழுதைப் பார்த்தார். “இந்தம்மா சொல்றது சரியாப் படுது. பாத்துடலாம்” என்றார்.

என்னையும் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். வெளிச்சம் போகும் முன் சாப்பிட்டு முடித்தோம். சுகந்தி தட்டுகளைத் துடைத்து எடுத்து வந்தார். நயினார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தட்டையும் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்து, அவர் கையாலேயே அடுக்கினார். ஒரு டம்ளரில் ஒரே ஒரு எறும்பு இருந்தது. அதை ஜன்னல் விளிம்பில் இறக்கிவிட்டு, அது நகர்கிற வரை காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தி, “எந்தப் பட்டன்?” என்று கேட்டார். காட்டினேன். அழுத்தினார்.

தண்ணீர் ஏறியது. பீய்ச்சியது. நின்றது. இனி வடிய வேண்டும். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நிஜமாகத்தான் சொல்கிறேன். அடியில் பம்ப் எழுந்து, கடகடவென்று தள்ளியது! சுகந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. கல்யாண வீட்டார். சுகந்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தார். பெரியவர் கையை நீட்டி அந்தப் போனை வாங்கினார்.

“சுகந்தியோட மாமனார் பேசறேம்மா. துணிய நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுங்க. செஞ்சு குடுத்துடும்.” அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். “வீட்டு வேலையா? சுகந்தி கைய அதுல நனைக்காதும்மா. பாத்திரம் என் பொறுப்பு.”